கியானி பச்சித்தர் சிங்கின் தலை

"குருவைச் சுமந்த தலை இது. இதுமேல இன்னொரு பாரத்தை ஏத்தி வைக்கிற ஆள் இன்னும் பொறக்கல."

எங்கள் நிக்கேவால் குருத்வாராவில் கிரந்தம் வாசிக்கும் கியானி பச்சித்தர் சிங் இந்த வாக்கியத்தை அருளியபோது அவருக்கு எதிரே டிராலி நிறையக் கோதுமை மூட்டைகள் இருந்தன. அறுவடை முடிந்து, லங்கர் என்கிற பொதுச் சாப்பாட்டுக்காக ஊரார் கொடுத்த கோதுமை. ஊரே கைகோத்து இறக்கிக்கொண்டிருந்தது. பட்டாளத்தில் சுபேதாராக இருந்து திரும்பியவர், அவர் வயலில் கூலிக்குக் களை பிடுங்குகிறவர், ரொட்டி சுடும் பெண்கள், எல்லார் முதுகிலும் ஒரே கோதுமைத் தூசி. டிராக்டர் மெக்கானிக் நாஹர் சிங் தோளில் மூட்டையோடு வந்து கியானியின் முன்னால் நின்றான்.

"கியானிஜி, ரொம்ப நேரமா நின்னு பார்த்து அலுத்துப் போயிருப்பீங்க. ஒரு மூட்டை தூக்குங்க, அலுப்பு விடும்."

அதற்குத்தான் மேற்படி பதில். சொல்லும்போது ஆள்காட்டி விரலை உயர்த்தித் தலைப்பாகையைத் தொட்டும் காட்டினார். எந்தத் தலை என்று யாருக்கும் குழப்பம் வந்துவிடக் கூடாது அல்லவா.

வேறு யாராவது சொல்லியிருந்தால் மூட்டையோடு மூட்டையாக அந்தப் பேச்சும் இறங்கியிருக்கும். ஆனால் குருத்வாரா கமிட்டித் தலைவர், பிரதான்ஜி என்று ஊர் கூப்பிடுகிற ஹாகம் சிங் அப்போது வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கும் அன்று மூட்டை தூக்குகிற உத்தேசம் இல்லை. ஆகவே அந்த வாக்கியத்தின் ஆழம் அவருக்கு உடனே புரிந்தது. "சபாஷ்" என்றார். அடுத்த வாரமே சந்தையில் நாலு ஊர்க்காரர்கள் மத்தியில், "எங்க கியானி தலையில குரு கிரந்த் சாஹிபைத் தவிர வேற ஒண்ணும் ஏறாது. உங்க ஊர்ல எப்படி?" என்று கேட்டார். பக்கத்து ஊர் கியானி பிழைப்புக்காகக் கட்டட வேலைக்குப் போய்ச் செங்கல் சுமக்கிறவர். அந்த ஊர்க்காரர்கள் பேச்சைக் கபடிக்கு மாற்றினார்கள். கபடியில் அவர்களிடம் நாங்கள் ஜெயித்ததே கிடையாது. கடைசியில் ஒரு விஷயத்திலாவது ஜெயித்தோம். அதுவும் எப்படிப்பட்ட விஷயத்தில் பாருங்கள்: எங்கள் ஆள் ஒன்றும் செய்யமாட்டார் என்பதில்.

அன்றிலிருந்து அந்தத் தலை ஊர்ச்சொத்து.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குருவை அவர் சுமக்கிற அழகு இருக்கிறதே, அதில் குறை சொல்ல முடியாது. யார் வீட்டிலாவது கல்யாணம், குழந்தை, வெளிநாட்டு விசா, எதுவாக இருந்தாலும் பாடம் வைப்பார்கள், அதாவது வீட்டில் கிரந்த வாசிப்பு. எங்களுக்குக் குரு என்றால் அந்தக் கிரந்தம்தான்; குருத்வாராவிலிருந்து அதை அந்த வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். பச்சித்தர் சிங் குளித்து, புதுத் தலைப்பாகை கட்டி, அதன்மேல் வெள்ளைத் துணி மடித்துப் போட்டு, பட்டுத்துணியில் பொதிந்த கிரந்தத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வார். காலில் செருப்பு கிடையாது. முன்னால் ஒருவர் வழி நெடுகத் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார். பின்னால் ஒருவர் சாமரம் வீசுவார். "சத்நாம், வாஹேகுரு" என்று பச்சித்தர் சிங்கின் குரல் தெருவுக்குள் நுழைந்ததும் சைக்கிளில் போகிறவன் இறங்குவான், டிராக்டரில் இருக்கிறவன் எஞ்சினை நிறுத்துவான், கடையில் தேநீர் குடிக்கிறவன் தம்ளரை வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றித் தலையைத் தாழ்த்துவான். நடு வழியில், பார்வையை நேரே வைத்து, முதுகு வளையாமல், தரையில் பால் வழிவது போல நடந்து போவார் எங்கள் கியானி.

சிக்கல் எங்கே என்றால், கும்பிட்டவர்கள் மேலே இருந்ததைக் கும்பிட்டார்கள். கீழே இருந்தவர் தன்னையும் சேர்த்துக்கொண்டார்.

ஒரு தலைக்குக் கிடைத்த விலக்கு மெல்ல மெல்ல அதன் சுற்றத்தாருக்கும் பரவியது. கழுத்து தலையைத் தாங்குவதால் கழுத்துக்கு விலக்கு. தோள் கழுத்துக்கு அண்டை வீடு. கை தோளிலிருந்து தொங்குவதால் அதற்கும் உரிமை உண்டு. இப்படியாக உடம்பில் வயிறு ஒன்றுதான் விலக்குக் கேட்காமல் பாக்கி இருந்தது; அது தன் பங்கை ஒழுங்காகச் சுமந்தது.

சமையல் கேஸ் சிலிண்டர் வண்டி எங்கள் ஊருக்குள் வராது, பெரிய சாலையிலேயே நின்றுவிடும். அங்கிருந்து சிலிண்டரைத் தலையில் தூக்கி வருவது கியானியின் மனைவி ஸ்வர்ண் கவுர். கியானி சும்மா இருந்ததாக நினைக்க வேண்டாம். அவர் முன்னால் நடந்து நாய்களை விரட்டுவார். மகள் சின்னவளாக இருந்தபோது மாகித் திருவிழாவுக்குப் போனார்கள். குதிரை வீரர்களின் ஊர்வலம் வந்தது. எல்லா அப்பன்களும் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். அவர் அண்ணாந்து ஆகாயத்தைப் பார்த்தார். ஸ்வர்ண் கவுர்தான் தூக்கிக் காட்டினாள். அந்தப் பெண் இப்போது கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். அப்பாவைப் பற்றிக் கேட்டால், "ரொம்ப உயரமானவர்" என்று மட்டும் சொல்வாள்.

தலைப்பாகையும் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்தது. நீலத்தில், கஞ்சி போட்டு, கதவு நிலையில் இடிக்கிற அளவுக்கு. உள்ளே வரும்போது குனிய வேண்டியிருந்ததால் வாசலை உயர்த்தித் தரும்படி கமிட்டியிடம் கேட்டார். குனிவதைவிடக் கொத்தனார் சுலபம் என்று அவருக்குத் தோன்றியது.

வாசிப்பில் அவரை அடிக்க ஆள் இல்லை. விடியற்காலையில் ஒலிபெருக்கியில் அவர் குரல் கடுகு வயல்களைத் தாண்டி வாய்க்கால் வரைக்கும் போகும். உழைத்துச் சாப்பிடு, உள்ளதைப் பகிர்ந்து கொடு, தன்னைப் பெரிதாக எண்ணாதே என்று வருகிற இடங்களை அவர் வாசித்தால் கேட்கிறவர்களுக்குக் கண் கலங்கும். எல்லார் காதுக்கும் போய்ச் சேர்ந்த அந்த வார்த்தைகள், ஒலிபெருக்கிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் காதுக்கு மட்டும் எப்படித் தப்பின என்பது மின்சார வேலை தெரிந்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

ஸ்வர்ண் கவுரிடம் ஓர் எருமை இருந்தது. ராணோ என்று பெயர். சுருண்ட கொம்பு, கறுத்துப் பளபளக்கிற தோல், ஊரிலேயே கெட்டியான பால். கியானியின் சம்பளத்தில் குடும்பம் நடக்கிறது என்பது கமிட்டியின் நம்பிக்கை. நடந்தது ராணோவின் பாலில். மகளுக்குச் சீர் செய்ததும் அந்தப் பாலில்தான். கியானியின் குரலுக்கு வெதுவெதுப்பாக நெய் கலந்த பால் வேண்டும், தலைப்பாகைக்குக் கஞ்சி வேண்டும், எல்லாம் அந்தக் கொட்டகையின் வரும்படிதான். ஸ்வர்ண் கவுருக்கு அது எருமை மட்டும் அல்ல. கல்யாணமாகி வந்த வீட்டில் எல்லாமே குருத்வாராவுக்குச் சொந்தம். அறை, கட்டில், பாத்திரம், புருஷனின் தலை உட்பட. ராணோ ஒன்றுதான் அவளுக்குச் சொந்தம்.

அதற்குத் தினமும் பெர்சீம் புல் வேண்டும். வாய்க்கால் ஓரத்தில் துண்டு நிலம் குத்தகைக்குப் பிடித்து ஸ்வர்ண் கவுரே விதைத்து, அறுத்து, பெரிய துணியில் மூட்டை கட்டித் தலையில் தூக்கி வருவாள். எதிரே வருகிற நாஹர் சிங், "அண்ணி, உங்க வீட்ல ரெண்டு தலை இருக்கே, ஒண்ணைத்தான் உபயோகிக்கிறீங்களா?" என்று கேட்பான்.

"இன்னொண்ணு சாமி அலமாரியில வெச்சிருக்கோம், தம்பி" என்பாள்.

போன தை பிறக்கச் சில வாரம் இருக்கையில், பனி இறங்கிய வரப்பில் மூட்டையோடு கால் வழுக்கி விழுந்தாள். உயிருக்கு ஒன்றும் இல்லை. கழுத்து எலும்பு நகர்ந்திருக்கிறது என்று டவுன் டாக்டர் சொன்னார். கழுத்தைச் சுற்றி விறைப்பான பட்டை மாட்டி விட்டார். இனிமேல் ஆயுசுக்கும் தலையில் பாரம் ஏற்றக் கூடாது, ஏற்றினால் கை கால் விழுந்துவிடும் என்றார். பச்சித்தர் சிங் கவலையோடு தலையை ஆட்டினார். அவர் தலை செய்த முதல் வேலை என்று அதைத்தான் சொல்ல வேண்டும்.

வீட்டுக்கு வந்த அன்றே கேள்வி வந்துவிட்டது. ராணோ கொட்டகையில் நின்று கத்தியது.

கியானி முதலில் ஒரு புது வழி கண்டுபிடித்தார். புல் எருமையிடம் வர முடியாவிட்டால் எருமை புல்லிடம் போகட்டும். கயிற்றைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். கயிறு பிடிப்பது சுமை ஆகாது என்று தீர்மானித்திருந்தார். ராணோ பெர்சீமை ஒரு வாய் மேய்ந்து பார்த்துவிட்டு, வரப்பைத் தாண்டி, ஹாகம் சிங்கின் கடுகு வயலுக்குள் இறங்கியது. கயிறு கியானியின் கையில்தான் இருந்தது. ஆகவே கியானியும் இறங்கினார். பூத்த கடுகுக்குள் நீலத் தலைப்பாகை ஒன்று தடதடவென்று போய்க்கொண்டிருந்ததைப் பஸ்ஸில் போனவர்கள்கூடப் பார்த்திருக்கிறார்கள்.

சாயங்காலம் ஹாகம் சிங் குருத்வாராவுக்கு வந்தார். கோபமாக வரவில்லை. அந்த எருமைமேல் அவருக்கு ரொம்ப நாளாகக் கண்.

"கியானிஜி, வயல் போனா போகுது. எருமைய எனக்குக் கொடுத்துடுங்க. நல்ல விலை தர்றேன். சங்கராந்தி அன்னிக்கு எங்க ஆள் வந்து ஓட்டிக்கிட்டுப் போவான்."

"வீட்ல ஒரு வார்த்தை..."

"கேளுங்க. ஆனா ஒண்ணு. புல்லு கில்லு சுமக்கிற யோசனை எதுவும் வந்துடப் போகுது உங்களுக்கு. பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பான். அந்தத் தலைக்குத்தான் நாங்க மரியாதை வெச்சிருக்கோம். செங்கல் தூக்குற கியானிதான் வேணும்னா அவரையே கூட்டிக்கிட்டு வந்திருப்போம், சம்பளமும் குறைச்சல்."

"எனக்கா? அப்படி யோசனையா?" என்றார் பச்சித்தர் சிங். உண்மையிலேயே அவருக்கு வரவில்லை.

அடுப்படியில் ஸ்வர்ண் கவுர் கழுத்துப் பட்டையோடு உட்கார்ந்து ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டையால் அவளால் தலை குனிய முடியாது. புருஷனை நேராக மட்டுமே பார்க்க முடியும். அது அவருக்குப் புது அனுபவம்.

"பிரதான்ஜி நல்ல விலை தர்றாராம்."

"தரட்டும்."

"அப்ப சரின்னு சொல்லிடவா?"

"சொல்லுங்க. ராணோ அந்தப் பக்கமாப் போனா நான் இந்தப் பக்கமா மகள் வீட்டுக்குப் போறேன். உங்களுக்குப் பால், மோர், கஞ்சி எல்லாம் பிரதான்ஜி வீட்ல வந்துடும். அவர்தான் உங்க தலைய நல்லாப் பார்த்துக்கிறாரே."

"இப்படிப் பேசினா எப்படி ஸ்வர்ணோ? நான் என்ன செய்ய முடியும்?"

"இத்தனை வருஷம் உங்க தலைக்கும் சேர்த்து என் தலை சுமந்துச்சு. இப்ப அதுக்கு லீவு கொடுத்துட்டார் டாக்டர். நீங்க என்ன செய்யலாம்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். ராணோவுக்கே தெரியும், அதான் உங்களப் பார்த்துக் கத்துது."

"என் தலை குருவுக்குச் சொந்தம்."

ஸ்வர்ண் கவுர் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

"சரி. குருவைத் தூக்கின தலை புல்லு தூக்கக் கூடாதுன்னு குரு எங்கயாவது சொல்லியிருக்காரா? தினம் நீங்கதான வாசிக்கிறீங்க. அந்த இடத்தை எனக்கு வாசிச்சுக் காட்டுங்க. மறுபேச்சு இல்லாம நானே அவிழ்த்துக் கயிற பிரதான்ஜி கையில கொடுத்துடறேன்."

இது சின்ன விஷயம் என்று நினைத்துத்தான் மறுநாள் கிரந்தத்தின் முன் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு ஊரில் ஒரு மாறுதல் தெரிந்தது. கியானியின் வாசிப்பு தடுக்க ஆரம்பித்தது. நதி மாதிரி ஓடுகிற குரல் திடீரென்று நிற்கும். அந்த வரியையே மறுபடி வாசிப்பார். ஒலிபெருக்கியில் ஒரு "ஹூம்" கேட்கும். "மைக்குல கோளாறா?" என்று நாஹர் சிங் ஸ்க்ரூ டிரைவரோடு வந்து பார்த்துவிட்டுப் போனான். கோளாறு மைக்கில் இல்லை. வாழ்நாளில் முதல்முறையாக அந்த மனிதர், படிக்கிறது என்ன சொல்கிறது என்று பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார். தனக்குச் சாதகமாக ஒரு வரி கிடைக்குமா என்று தேடினார். எங்கே திறந்தாலும் எதிர்க்கட்சியாக இருந்தது. அவர் எத்தனையோ வருஷமாகக் காவல் காத்து, பட்டுத்துணி போர்த்தி, விசிறிவிட்டு, தூங்க வைத்து, எழுப்பிய நூல், இத்தனை காலமும் அவர் மனைவியின் பக்கம் இருந்திருக்கிறது.

சங்கராந்திக்கு இரண்டு நாள் முன்னால், சாப்பிடும்போது அவர் கேட்டார்.

"நாளைக் காலையில பனி இருக்குமா?"

"இருக்கும்" என்றாள் ஸ்வர்ண் கவுர். எழுந்து போய் அரிவாளைக் கல்லில் தீட்டினாள்.

மறுநாள் காலை வழிபாடு முடிந்து, வந்தவர்கள் கலைந்து போன பிறகு இருவரும் கிளம்பினார்கள். கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. அவர் நெஞ்சு நிமிர்த்தி உண்மையை எதிர்கொள்ளப் புறப்பட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையை எதிர்கொள்ளப் புறப்பட்டவர் பனிமூட்டத்தை விசாரிக்கமாட்டார். யாரும் பார்க்காமல் ஒரு மூட்டை, அது தீர்ந்தால் இன்னொரு பனியில் இன்னொரு மூட்டை, வெயில் காலம் வருவதற்குள் குரு ஏதாவது வழி காட்டுவார் என்பது அவர் திட்டம். ஊருக்குள் வழக்கமான தலை, வயலில் வேறு தலை.

கிளம்பும்போதே ஒரு தகராறு. ஸ்வர்ண் கவுர் புல் கட்டுகிற பழைய துணியை எடுத்தாள். சாணியும் சகதியும் ஏறி, அதற்கு ஒரு நிறம் இருந்தது என்பதே மறந்துபோன துணி.

"இதையா என் தலையில வெக்கப்போற?"

"பின்ன? புல்லுக்குப் பட்டா சுத்துவாங்க?"

அவர் கேட்கவில்லை. விருந்தாளிகளுக்கு விரிக்கிற மஞ்சள் படுக்கை விரிப்பு ஒன்று இருந்தது, சலவை செய்து மடித்தது. அதை எடுத்துக்கொண்டார். தலையில் புல் ஏறினாலும் மரியாதையாக ஏறட்டும் என்பது அவர் எண்ணம்.

வயலில் அறுத்து, விரிப்பில் சதுரமாக அடுக்கிக் கட்டினார்கள். மூட்டையை உயரமான வாய்க்கால் கரையில் வைத்து, கீழே நின்று தலையைக் கொடுத்து, எப்படியோ வாங்கிக்கொண்டார். தலைப்பாகை அமுங்கியது. அதன்மேல் முன்கூட்டியே வெள்ளைத் துணி மடித்துப் போட்டிருந்தார். பிறகு இரண்டு செருப்பையும் காலாலேயே கழற்றிக் கரையில் விட்டார்.

"எதுக்கு? முள்ளு இருக்கு" என்றாள் ஸ்வர்ண் கவுர்.

"வரமாட்டேங்குது" என்றார். தலையில் பாரம் ஏறினால் காலில் செருப்பு இருக்கக் கூடாது என்பதைத் தவிர அந்தக் கால்களுக்கு வேறு எந்தப் பாடமும் தெரியாது. செருப்போடு அடி எடுத்தால் தடுமாறினார். வெறும் காலில் நேராக நடந்தார். முதுகு தானாக நிமிர்ந்தது. பார்வை தானாக நேரே போனது. கொஞ்ச தூரம் போனதும் வாய் தானாக, "சத்நாம், வாஹேகுரு" என்றது.

வரப்பு வழி ஸ்வர்ண் கவுருக்குத்தான் தெரியும், அதனால் அவள் முன்னால் போனாள். போகிற போக்கில் கடுகுக் கீரை பறித்து மோட்டார் தொட்டியில் அலசி எடுத்திருந்தாள். கையில் தொங்கிய கட்டிலிருந்து வழி நெடுகத் தண்ணீர் சொட்டிக்கொண்டு வந்தது.

எதிரே என்ன தெரிந்திருக்கும் என்று பாருங்கள். பனிக்குள்ளிருந்து ஒரு பெண் தண்ணீர் தெளித்தபடி வருகிறாள். அவளுக்குப் பின்னால் நிமிர்ந்த முதுகோடு, வெறும் காலோடு, வெள்ளைத் துணிக்கு மேலே மஞ்சள் பொதி ஏந்திய நீலத் தலைப்பாகை. அந்தக் குரல்.

எதிரே வந்தவர் ஹாகம் சிங். சர்க்கரை வியாதிக்காகக் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார்கள். ஊரைச் சுற்றுகிற செங்கல் பாதையில் கைத்தடியோடு வந்துகொண்டிருந்தார்.

குருத்வாராவில் ஹாகம் சிங் முழுதாகக் குனிந்து யாரும் பார்த்ததில்லை. முழங்கால் வலி என்பார். சுவரோரம் நின்று தலையை லேசாக அசைப்பார், பக்கத்து நிலத்துக்காரருக்கு வணக்கம் சொல்வது போல. ஆனால் அன்று பனியில் அவரைப் பார்க்க யாரும் இல்லை. குரல் கேட்டதும் தடியைப் போட்டார். ஷூவைக் கழற்றினார். முனகிக்கொண்டே மண்டியிட்டு, கையை ஊன்றி, நெற்றியை ஈரச் செங்கல்லில் வைத்துவிட்டார்.

ஸ்வர்ண் கவுர் நின்றாள். பச்சித்தர் சிங்கும் நின்றார்.

ஹாகம் சிங் எழுந்திருக்கவில்லை. நெற்றி தரையில் இருந்தபடியே மெல்லப் பேசினார். மகன் கனடாவுக்குப் போய் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை, ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போகட்டும், அவன் அம்மா கண் மூடுவதற்குள், என்று பேசினார். எங்கள் ஊரில் யாரிடமும் அந்த மனிதர் சொல்லாத சங்கதி. அதை அவர் பெர்சீம் புல்லிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்வர்ண் கவுர் பிற்பாடு கைப்பம்பு அருகில் என் மனைவியிடம் சொன்னது இது: அந்த நேரத்தில் அவள் திரும்பிப் புருஷனைப் பார்த்தாளாம். கழுத்துப் பட்டையால் தலையை மட்டும் திருப்ப முடியாது, முழு உடம்போடு திரும்பித்தான் பார்த்தாளாம். அவருக்கு வழி திறந்தே இருந்தது. நாலு அடி விலகி நடந்தால் போதும். பனி மூடிக்கொள்ளும். கமிட்டித் தலைவர் மன நிறைவோடு வீட்டுக்குப் போவார். தலையும் தப்பும், வேலையும் தப்பும். இதைவிடச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் அவர் இதைவிடப் பெரிய மௌனம் காத்தவர்.

"பிரதான்ஜி" என்றார் பச்சித்தர் சிங். "எழுந்திருங்க."

"யார் வீட்ல பாடம், கியானிஜி? எனக்குச் சொல்லவே இல்லையே" என்றார் ஹாகம் சிங், நெற்றியை எடுக்காமல்.

"பாடம் இல்ல. குரு குருத்வாராவுலதான் இருக்கார். இது புல்லு."

"என்னது?"

"பெர்சீம். ராணோவுக்கு."

ஹாகம் சிங் நிமிர்ந்தார். நெற்றியில் செங்கல் சேறு. வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, உட்கார்ந்தபடியே பார்த்தார். பச்சித்தர் சிங் மூட்டையைக் கீழே சரித்து, முடிச்சை அவிழ்த்து, விரிப்பின் ஒரு மூலையை விலக்கிக் காட்டினார். பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு வெட்டுக்கிளி வெளியே வந்து ஹாகம் சிங்கைப் பார்த்துவிட்டுப் போனது.

"உங்க தலையிலயா?"

"ஆமா."

"இதுக்கா நான் நெத்தியத் தரையில வெச்சேன்?"

"அதான் சொல்லிட்டேன். சொல்லாமப் போயிருக்கலாம். புல்லைக் கும்பிட வெச்ச பாவம் எனக்கு வேணாம். நீங்க குருகிட்ட சொல்ல வேண்டியத உள்ள வந்து சொல்லுங்க. நான் கதவைத் திறந்து வெக்கிறேன்."

"கமிட்டி கூடினா இது என்ன ஆகும்னு தெரியும்ல உங்களுக்கு?"

"தெரியும்."

"பக்கத்து ஊர்ல நான் எப்படி முகத்தக் காட்டறது?"

பச்சித்தர் சிங் விரிப்பை மறுபடி முடிச்சுப் போட்டார். "சங்கராந்திக்கு ஆள் அனுப்ப வேணாம். எருமை எங்க வீட்லயே இருக்கட்டும்" என்றார். பிறகு மூட்டையைத் தூக்கப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் வந்தது. மறுபடி தூக்கினார். இடுப்பு வரைக்கும் வந்து கீழே போனது. சமதரையில் பாரத்தைத் தானே தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது என்பது சுமக்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். அவருக்கு அன்றுதான் தெரிந்தது. ஸ்வர்ண் கவுர் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"நீ தொடாத" என்றார்.

அமுங்கிப்போன தலைப்பாகையின்மேல் வெள்ளைத் துணியைச் சரிசெய்தார். ஹாகம் சிங் தடியை ஊன்றி அப்போதுதான் எழுந்து நின்றிருந்தார். அவர் முன்னால் போய், கதவு நிலைக்குக்கூடக் குனிய மறுத்த மனிதர், கழுத்தைத் தாழ்த்திக் குனிந்தார்.

"ஒரு கை கொடுங்க பிரதான்ஜி" என்றார். "கொஞ்சம் தலையில ஏத்தி விடுங்க."